கஸ்தூரி அத்தை சிதம்பரம் வந்த நாள்

சென்ற வியாழக்கிழமை பிற்பகல் அத்தையின் மகன் முருகன் போன் செய்தான். "மச்சான், அம்மா போய்ட்டாங்க. நண்டுக் கொழம்பு வச்சி எல்லாருக்கும் போட்டாங்க. கொஞ்ச நேரம் படுக்கறேன்னாங்க. அவ்ளோதான்." சென்னையிலிருந்து கடலூர் தேவனாம்பட்டினம் வரும்வரை அழுதுகொண்டே வந்தேன். ஆனால் பந்தலில் உட்கார்ந்திருந்த மீன் மார்க்கெட் பெண்கள் என்னைக் கண்டதும், "வந்துட்டாருடி நம்ப அழகரு" என்றார்கள். அழுகைக்கு நடுவே எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கஸ்தூரி அத்தையிடம் மீன் வாங்கியவர்களுக்கும் பேச்சு வாங்கியவர்களுக்கும் அந்தச் சிரிப்பின் காரணத்தைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

2008. எனக்குப் பதினேழு வயது. சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் முதலாண்டு. கல்லூரி விழாவில் ஆணழகன் போட்டி என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். உடம்பை முறுக்கிக் காட்டும் போட்டி அல்ல. வேட்டியில் ஒரு நடை, பேன்ட் சட்டையில் ஒரு நடை, கடைசியில் ஒரு கேள்வி. யாரும் பார்க்காதபோது என் பெயரை எழுதிவிட்டு வந்தேன். கண்ணாடி முன்னால் நின்றாலே "பொம்பளையாடா நீ?" என்று கேட்கும் அப்பா. நாலு பேர் எதிரே வந்தால் வேறு தெருவில் போய்விடும் நான். ஏன் எழுதினேன் என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை.

நல்ல வேட்டி இல்லாததால், அப்பாவின் தங்கையான கஸ்தூரி அத்தையிடம் போனேன்.

"எதுக்குடா பட்டு வேட்டி? யாருக்குக் கல்யாணம்?"

"பிரண்டுக்கு."

"பதினேழு வயசுப் பிரண்டுக்கா?"

உண்மையைச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். அத்தை என் தாடையைப் பிடித்து, மீனின் செவுளைப் பார்க்கும் அதே கவனத்தோடு இப்படியும் அப்படியும் திருப்பினார். "நல்லாத்தான இருக்க? ஏன் முழிக்கிற?"

"எல்லாரும் பாப்பாங்க அத்த."

"பாக்கட்டும். கண்ணு அவுங்களுது, மூஞ்சி நம்பளுது."

அப்பாவிடம் சொல்வதில்லை என்று சத்தியம் செய்தார். தானும் வரப்போவதை மட்டும் சொல்லவில்லை.

போட்டியன்று பன்னிரண்டு பேரில் நான் ஒன்பதாவது. மேடையில் பாதி தூரம் போவதற்குள் வேட்டி நழுவத் தொடங்கியது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். அரங்கமே ஊளையிட்டது. திரும்பி ஓடிவிடலாம் என்று நினைத்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. மார்க்கெட்டில் வஞ்சிரம் கூவும் குரல்.

"மடிச்சிக் கட்டு மருமவனே! படகு தள்ளப் போற மாரி மடிச்சிக் கட்டு!"

அத்தை பெஞ்சின்மேல் ஏறி நின்றிருந்தார். பக்கத்தில் மார்க்கெட்டிலிருந்து மூன்று பெண்கள். வேட்டியை இறுக்கி, முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டினேன். கடற்கரையில் தினமும் செய்வதுதான். அதன்பின் நடை தானாக வந்தது. அத்தை இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தார். ஊளையிட்ட கூட்டமே கை தட்டியது.

"உங்களிடம் எது அழகு?" என்று ஒரு நடுவர் கேட்டார். மனப்பாடம் செய்து வைத்திருந்த ஆங்கிலம் முழுவதும் மறந்துபோயிற்று. "தெரியலைங்க மேடம். எங்க அத்தைக்குத் தெரியும், கேளுங்க" என்றேன். அரங்கம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

இரண்டாம் பரிசு கிடைத்தது. அத்தை நேரே நடுவர்களிடம் போய், "மொதல்ல வந்தவன் நல்ல பையன்தான், ஆனா சிரிக்கவே இல்லியே?" என்று நியாயம் கேட்டார். எனக்குப் போட்ட ரிப்பன் பட்டையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு கடலூர் பஸ் ஏறினார். மறுநாள் அதோடுதான் மீன் விற்றார். அப்பாவுக்கு விஷயம் தெரிந்தது அப்படித்தான். கோபமாக மார்க்கெட்டுக்குப் போனவரிடம், "ஒன் புள்ள ஜெயிச்சிருக்காண்ணே" என்று எல்லோர் முன்னாலும் உரக்கச் சொன்னார் அத்தை. அப்பா இறால் வாங்கிக்கொண்டு திரும்பினார். அன்று என் தட்டில்தான் ஜாஸ்தி விழுந்தது.

நம்மவர் ஒருவர் தடுமாறும்போது கூச்சப்படாமல் அவர் பக்கம் சத்தம் போடுவது. அத்தையிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான். போன மாதம் பள்ளி ஓட்டப்பந்தயத்தில் என் மகள் கடைசியாக ஓடி வந்தாள். மற்றவர்கள் ஜெயித்த பிள்ளைகளைப் படமெடுத்துக்கொண்டிருக்க, நான் தொண்டை கிழிய அவள் பெயரைக் கத்தினேன். ஓடி முடித்து மூச்சு வாங்க என்னிடம் வந்தவள், "மானம் போவுதுப்பா" என்றாள். சொல்லும்போது அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை.