அக்கா சொன்னதும் அச்சில் வந்ததும்

போன கிழமை எங்கள் அத்தானின், அக்காவின் புருஷனின், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்தது. சாப்பிட்டுக் கை கழுவிய தூரத்து உறவுக்காரர் ஒருவர், வந்தவர்களுக்குக் கொடுத்த கல்வெட்டு நினைவுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே என்னிடம் வந்தார்.

“தம்பி, மனைவி புலம்பலை வாசிக்க எனக்கே கண் கலங்கிப் போச்சு. ஆர் எழுதினது?”

நான் சிரித்து வைத்தேன். வேறென்ன செய்வது? அதே புலம்பலை அவர் வேறு பல வீடுகளிலும் வாசித்துக் கண் கலங்கியிருப்பார். செத்தவரின் பெயர்தான் வேறு.

கல்வெட்டு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இறந்தவரின் வம்சம், வரலாறு, பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல்... எல்லாம் பாட்டாக. துக்க வீட்டில் ஒருவரும் எழுதுவதில்லை. அச்சகத்தில் தயாராக இருக்கும். எந்த வீட்டில் யார் எப்படி அழுதார்கள் என்று அச்சகத்துக்கு எப்படித் தெரியும்? இதை ஒருவரும் கேட்டதில்லை.

அக்கா கேட்டாள்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த கையோடு, “என்னை ஒருக்கால் பிறெஸ்சுக்குக் கூட்டிக்கொண்டு போ” என்றாள். “செத்த வீட்டுத் துடக்கோடை பொம்பிளை வெளிக்கிடுறதோ? ஊர் என்ன கதைக்கும்?” என்று அத்தானின் தமக்கை வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். அக்கா அவளை விலத்திக்கொண்டு வெளியே வந்தாள். சைக்கிள் காரியரில் ஏறி இருந்துவிட்டாள். கோப்பாயில் இருந்து சுன்னாகம் வரைக்கும் எதிர்க்காற்றில் மிதித்தேன்.

அச்சக முதலாளி சிவகுரு அண்ணையிடம் ஒரு கொம்பியூட்டர் இருக்கிறது. மின்சாரம் இல்லாத ஊரில் மண்ணெண்ணெய் ஜெனரேற்றரில் ஓடுகிற கொம்பியூட்டர். அதில் தமிழ் அடிப்பவள் வதனி.

“புலம்பல் மூண்டு விதம் கிடக்கு அக்கா. எதைப் போடுறது?”

அக்கா மூன்றையும் நிதானமாக வாசித்தாள். ஒன்று இப்படி:

குன்றின் விளக்கணைந்து குடும்பம் இருண்டதையோ
என்றினி உம்முகத்தை யான்காண்பேன் என்துரையே

“நான் அவரை ஒருநாளும் துரையே எண்டு கூப்பிட்டதில்லைப் பிள்ளை.”

“அது பாட்டுக்கு அப்பிடித்தான் அக்கா.”

“பாட்டு வேண்டாம். நான் சொல்லுறன், நீ அடி.” என் பக்கம் திரும்பினாள். “நீ வெளியிலை போய்ச் சைக்கிளைப் பார்.”

எனக்கும் அது வசதி. ஆட்கள் மனம் விட்டுக் கதைக்கிற இடத்தில் கையை எங்கே வைப்பதென்றே எனக்குத் தெரியாது. வெளியே நின்றேன். ஜெனரேற்றர் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. யன்னலால் அக்காவின் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. முப்பது வருடம் வெங்காயத் தோட்டத்தில் அத்தானுக்குப் பின்னால் நடந்தவள். அவள் இவ்வளவு நேரம் தொடர்ந்து கதைத்து நான் பார்த்ததில்லை.

திரும்பி வரும்போது பின்னாலிருந்து கேட்டாள்.

“அச்சிலை வந்தால் எல்லாரும் வாசிப்பினமெல்லோ?”

“ஓம் அக்கா.”

“வாசிக்கட்டும்.”

கல்வெட்டில் பிழை திருத்த நான் போன அன்றுதான் சிவகுரு அண்ணையின் மருமகன் சுரேன் வந்திருந்தான். சண்டை நின்றிருந்த நேரம். லண்டனில் இருந்து மாமாவைப் பார்க்க வந்த பிள்ளை. காவலரணில் பிடிபடாமல் பால்மா டின்னுக்குள் ஒளித்து, கிளாலிக் கடல் கடந்து, ஒரு கட்டு பிளொப்பி கொண்டு வந்திருந்தான்.

“இது இன்னும் வெளியிலை வரேல்லை அங்கிள். பரீட்சிச்சுப் பாக்கச் சொல்லித் தந்தது. பிழையள் இருக்கும். கண்டு பிடிச்சுச் சொல்லத்தான் தாறவை.”

“லண்டன் கடையிலையே இல்லாத சாமான் சுன்னாகத்திலை!” சிவகுரு அண்ணைக்கு வாயெல்லாம் பல். சவர்க்காரம் வாங்க வரிசையில் நிற்கிற ஊரில் இப்படி ஒரு பெருமை!

கொம்பியூட்டர் முழுவதையும் நடத்துகிற அடிப்படைப் புரோகிராம் ஒன்று உண்டாம். பழையது அப்படியே இருக்க, பக்கத்தில் புதியதைப் போடப் போகிறான். காலையில் மெசினைப் போட்டதும் ‘எது வேணும்?’ என்று அதுவே கேட்குமாம்.

“பழசிலை கை வைக்கவே மாட்டன். டிஸ்க்கை ரெண்டாப் பிரிச்சு, நடுவிலை ஒரு வேலி. அவ்வளவுதான்.”

யாழ்ப்பாணத்தானிடம் சொல்கிற உவமையா இது? ஒரு வளவை இரண்டாகப் பிரித்து, நடுவில் வேலி போட்டு, வழக்கில்லாமல் முடிந்த கதை எங்கள் ஊரில் உண்டா?

“ஒருக்கால் எல்லாத்தையும் பிளொப்பியிலை எடுத்து வைப்பமே?” என்றாள் வதனி.

“வெறும் பிளொப்பி இருக்கோ?” என்றான் சுரேன்.

இல்லை. அச்சகத்தில் இருந்த இரண்டொரு பிளொப்பியிலும் பழைய புரோகிராமும், எழுத்துருக்களும், அடிக்கடி தேவைப்படுகிற புலம்பல்களும்தான்.

“இண்டைக்கு வேண்டாமே... கல்வெட்டு முடியட்டும்” என்றேன் நான். என் குரல் ஜெனரேற்றரைத் தாண்டவில்லை.

வேலை தொடங்கியது. இது முடியும்வரை மெசினை நிற்பாட்டக் கூடாது என்று சுரேன் சொன்னான். திரையில் ஒரு கோடு நத்தையாக ஊர்ந்தது. பாதி வந்திருக்கும்.

அப்போதுதான் அந்தச் சத்தம்... ஹெலிகொப்டர்!

எங்கள் ஊரில் ஜெனரேற்றர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வானத்தில் ஏதும் கேட்டால் முதலில் ஜெனரேற்றரை நிறுத்துவார்கள். அதன் இரைச்சலில், குண்டு போட வருகிறவன் எந்தப் பக்கம் திரும்புகிறான் என்று கேட்காதல்லவா? சிவகுரு அண்ணையின் கை தானாகப் போய் நிறுத்தியது. மறு நிமிடம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வளவில் வெட்டிய பங்கர்க் குழிக்குள் நின்றார். அவருக்குப் பின்னால் வதனி. அவளுக்குப் பின்னால் நான். கதிரையை விட்டு எழும்பாதவன் சுரேன் ஒருவன்தான். “என்ன? என்ன?” என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

ஒன்றும் விழவில்லை. சத்தம் நகரப் பக்கமாகப் போய்த் தேய்ந்தது.

“அட, நாசமாய்ப் போக!” சிவகுரு அண்ணை நெற்றியில் அடித்தார். “உது சமாதானம் கதைக்க வாறவையின்ரை ஹெலியெல்லோ! விடியவே றேடியோவிலை சொன்னவன்!”

பங்கருக்குள் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். வதனிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. எங்களுக்குக் கேடு செய்யாமல் போன முதல் ஹெலி!

சிரித்து முடித்து ஏறி வந்தோம். ஜெனரேற்றரை மீண்டும் போட்டோம். எது வேண்டும் என்று மெசின் கேட்கவில்லை. பழையதும் இல்லை, புதியதும் இல்லை. கறுப்புத் திரையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மின்னி மின்னி நின்றது.

“கரண்ட் நிண்டால் இப்பிடித்தான்” என்றான் சுரேன். “லண்டனிலை கரண்ட் நிக்காது.”

அவனைக் குறை சொல்லி என்ன? பின்னேரம் வரை குந்தியிருந்து, பழையதை முதலில் இருந்து திரும்பப் போட்டுக் கொடுத்தான். தமிழ் எழுத்து வந்தது. மூன்று விதப் புலம்பலும் வந்தன. அக்கா சொன்னது வரவில்லை.

“வதனி, உமக்கு ஞாபகம் இருக்குமெல்லோ?” என்று கேட்டேன்.

“ரைப் அடிக்கேக்கை எழுத்துத்தான் தெரியும் அண்ணை. கதை தெரியாது. ஒண்டு மட்டும் நினைவிருக்கு. விடிய உங்கடை அக்கா எழும்ப முந்தி, இவவுக்கெண்டு கிணத்திலை தண்ணி அள்ளி வச்சிட்டுத்தான் அவர் தோட்டத்துக்குப் போவாராம். அதை ரெண்டு பேரும் ஒருநாளும் கதைச்சதில்லையாம்.”

அக்காவின் தம்பி நான். எனக்கு இது தெரியாது.

வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். “வதனி நாளைக்கு வீட்டை வந்து, பேப்பரிலை எழுதி எடுப்பாள். இன்னொருக்கால் சொல்லக்கா.”

அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகு நிற்கவில்லை.

“திருப்பிச் சொன்னால் அதுவும் புலம்பல்தானேடா. பிறெஸ்சிலை இருக்கிறதையே போடச் சொல்லு.”

போட்டார்கள். சுரேனும் லண்டனுக்குத் திரும்பிவிட்டான். புதியது பிழை திருத்தி வெளியே வந்ததும் அனுப்பி வைப்பானாம்.

எங்கள் ஊரில் எது அழிந்தாலும் புலம்பலுக்கு ஒரு பிரதி இருக்கும்.