பதினொரு பேர் எழுதிய ஒரே விடை

1

ஒரு சனிக்கிழமை காலையில் எங்கள் பாடசாலை அதிபர் தொலைபேசியில் அழைத்தார். வழக்கமாக அவர் என்னை "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு முழுப் பெயரையும் சொன்னார்.

"மேரி புஷ்பராணி, நம்ம தரம் பத்துப் புள்ளைங்க விஞ்ஞானப் பேப்பர்ல ஒரு கேள்விக்கு எல்லாரும் ஒரே விடைய எழுதியிருக்காங்களாம். பாத்து எழுதியிருக்காங்கன்னு கல்வி வலயக் காரியாலயத்துல சொல்றாங்க. இல்லாட்டி..." சற்று நிறுத்தினார். "இல்லாட்டி நீங்க சொல்லிக் குடுத்திருப்பீங்களாம்."

நான் நானுஓயாவில் வீட்டில் இருந்தேன். வாரநாட்களில் பாடசாலைக்குப் பக்கத்தில் ஓர் அறையில் தங்குவேன், வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்கு வருவேன். எங்கள் பாடசாலை நல்லதண்ணிக்குப் போகும் வழியில், பிரதான வீதியிலிருந்து மேலே ஏறிப் போக வேண்டிய ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தது. தரம் பத்தில் மொத்தமே பதினொரு பிள்ளைகள். விஞ்ஞானத்துக்கு நான் ஒருத்திதான். அதுவும் அப்போது ஆசிரிய உதவியாளர், நிரந்தர நியமனம் கிடைக்கவில்லை. பரீட்சையில் களவு என்று ஒரு வரி என் கோப்பில் ஏறினால் அந்த நியமனம் என்னவாகும் என்று யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை.

"எந்தக் கேள்வி சேர்?" என்று கேட்டேன்.

"ஏதோ உருளைக்கெழங்காம்."

கேட்டதும் எனக்குப் பாதி புரிந்துவிட்டது.

2

பிரசாரணம் என்ற பாடத்தைப் படிப்பிக்கும் எல்லோருக்கும் இந்தப் பரிசோதனை தெரியும். கலத்தின் மென்சவ்வு நீரைப் போகவும் வரவும் விடும். வெளியே உப்பு அதிகமாக இருந்தால், கலத்துக்குள் இருக்கும் நீர் வெளியே போகும். கிழங்குத் துண்டைச் சாதாரணத் தண்ணீரில் போட்டால் விறைப்பாக இருக்கும், உப்புக் கரைசலில் போட்டால் தளர்ந்து சுருங்கும். புத்தகத்தில் படத்தோடு இருக்கிறது.

எங்கள் பாடசாலையில் ஆய்வுகூடம் இல்லை. நுவரெலியாச் சந்தையில் வாங்கிய கிழங்கை வீட்டிலிருந்து கொண்டு போனேன். இரண்டு யோகட் கப்புகள் கிடைத்தன. ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றதில் உப்புத் தண்ணீர். இரண்டு கரண்டி உப்புப் போடச் சொன்னேன். நிரோஷன் என்ற பையன் பாக்கெட்டைச் சாய்த்து அதைப்போல நாலைந்து மடங்கு கொட்டிவிட்டான். சரி, கலக்குங்கள் என்று விட்டுவிட்டேன். துண்டைப் போட்டதும் அது அடியில் நிற்காமல் மேலே வந்து மிதந்தது. வகுப்பே கத்தியது. பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம்.

அடுத்த நாள் காலையில் துண்டுகளைத் தொட்டுப் பார்த்தோம். ஒன்று விறைப்பாக இருந்தது, மற்றது ரப்பர் போல வளைந்தது. அதற்குப் பிறகுதான் பிரசாரணத்தை விளக்கினேன். எல்லோரும் குறிப்பு எழுதினார்கள்.

வலயத்தின் தவணைப் பரீட்சையில் வந்த கேள்வி இதுதான்: உருளைக்கிழங்குத் துண்டொன்று செறிவான உப்புக் கரைசலில் இடப்பட்டது. (அ) அவதானிப்பு ஒன்றை எழுதுக. (ஆ) அதற்கான காரணத்தைக் குறிப்பிடுக.

திங்கட்கிழமை வலயக் காரியாலயத்துக்குப் போனபோது அந்த விடைத்தாள்களை மேசையில் பரப்பி வைத்திருந்தார் மாணிக்கம் சேர். விஞ்ஞானத்துக்கு அவர்தான் ஆசிரிய ஆலோசகர். வினாத்தாளைத் தயாரித்ததும் அவரே. நேர்மையான மனிதர் என்று பெயர். கண்டிப்பானவர் என்ற பெயர் அதைவிடப் பெரியது.

"வாசிங்க டீச்சர்" என்றார்.

வாசித்தேன். "துண்டு மேலே வந்து மிதந்தது. காரணம் பிரசாரணம்." அடுத்த தாளிலும் அதுதான். அதற்கடுத்ததிலும் அதுதான். 

"கேள்வி பொதுவா கேட்டிருக்கேன். மத்த ஸ்கூல் புள்ளைங்க எல்லாம் 'சுருங்கும்', 'தளரும்'னு எழுதியிருக்காங்க. ஒங்க புள்ளைங்க மட்டும் 'மிதந்தது'. எல்லாரும் எறந்த காலத்துல. இது எப்படி வரும்? ஒருத்தர் எழுத மத்தவங்க பாத்திருக்கணும். இல்லாட்டி யாராவது சொல்லியிருக்கணும். பரீட்சை மண்டபத்துல நின்னது நீங்க."

"சொல்லிக் குடுக்குறதா இருந்தா சரியான விடைய சொல்லிக் குடுத்திருக்க மாட்டேனா சேர்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "சரியான விடை ஒங்களுக்கே தெரியாம இருந்தா?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. நாங்கள் பரிசோதனை செய்தோம், உண்மையாகவே மிதந்தது என்று சொன்னேன். அவர் நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. "புதன்கிழமை நான் வாரேன். புள்ளைங்க பதினொரு பேரும் இருக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

3

அந்த வாரத் தொடக்கத்தில் பத்துப் பிள்ளைகள்தான் பாடசாலைக்கு வந்தார்கள். தர்ஷினி வரவில்லை. வகுப்பில் எப்போதும் முதலாவதாக வருபவள் அவள். பரீட்சையில் முன்வரிசையில் இருந்தவளும் அவள்தான். பார்த்து எழுதினார்கள் என்ற பேச்சு பரவியதும், யாரைப் பார்த்து எழுதினார்கள் என்பதை ஊரே முடிவு செய்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை மாலை அவர்கள் குடியிருந்த லயத்து வீட்டுக்குப் போனேன். அவளுடைய அம்மா பார்வதி, பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை.

"உக்காருங்க டீச்சர்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே பேசினார். "அவ அப்பா மலை ஏறுற சீசனுக்கு நல்லதண்ணியில கடை ஒண்ணுல நிக்கிறாரு. அங்கேயே யாரோ கேட்டுட்டாங்க, ஒங்க மக காட்டிக் குடுத்துத்தான் எல்லாப் புள்ளைங்களும் எழுதுச்சாமேன்னு. அந்த மனுசன் ராத்திரி சாப்பிடவே இல்ல. படிக்க அனுப்புனோமா, களவு எடுக்க அனுப்புனோமான்னு என்னைய கேக்குறாரு. நான் என்னத்த சொல்ல?"

"அக்கா, நாளைக்கு அந்த சேர் வாராரு. எல்லாரையும் விசாரிப்பாரு. தர்ஷினி மட்டும் இல்லாட்டி என்ன நெனைப்பாங்க?"

"வந்தாலும் பேசுவாங்க, வராட்டியும் பேசுவாங்க டீச்சர்."

 உள்ளே இருந்து தர்ஷினி வந்து கதவோரம் நின்றாள். அழுது முடித்த முகம்.

"டீச்சர், அது மெதந்துச்சுதானே?"

"மெதந்துச்சி."

"நாம எல்லாரும் பாத்தோம்தானே?"

"பாத்தோம்."

"அப்ப நான் நாளைக்கு வாரேன்" என்றாள். அம்மா உள்ளே போய்த் தேநீர் ஊற்றுவதற்காக அடுப்பைப் பற்ற வைத்தார்.

4

புதன்கிழமை மழை. வீதியிலிருந்து மேலே வர ஆட்டோ கிடைக்காமல் மாணிக்கம் சேர் குடை பிடித்து நடந்தே வந்தார். சப்பாத்தெல்லாம் சேறு. அதிபர் கொடுத்த தேநீரை நின்றபடியே குடித்துவிட்டு, "டீச்சர் வெளிய இருக்கட்டும்" என்றார்.

அதிபரின் அறையில் அவர் ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு விசாரித்தார். நான் வராந்தாவில் நின்றேன். உள்ளே பேசுவது கேட்கவில்லை. வெளியே வந்த பிள்ளைகளை என்னிடம் பேச விடாமல் அதிபர் நேரே வகுப்புக்கு அனுப்பினார். தர்ஷினி உள்ளே போனபோது கதவு மூடியே கிடந்தது. மற்றவர்களைவிட அவளுக்கு நேரம் அதிகமாகப் பிடித்தது.

கடைசியாக அவர் வெளியே வந்தார். முகத்தில் கோபம் இல்லை.

"டீச்சர், விடைத்தாள்ல பதினொரு பேரும் ஒண்ணையே எழுதியிருக்காங்க. ஆனா எப்படித் தெரியும்னு கேட்டா ஆளுக்கொரு கதை சொல்றாங்க. ஒருத்தன் நான்தான் உப்பக் கொட்டுனேங்குறான். ஒரு புள்ள, கெழங்கு கப்போட ஓரத்துல ஒட்டிக்கிட்டுச்சி, ஈர்க்குச்சியால தள்ளுனோம்னு சொல்லுது. இன்னொண்ணு மறுநாள் அந்தக் கெழங்கத் தின்னு பாத்துச்சாம், டீச்சர் ஏசுனாங்களாம். களவா எழுதுனவங்களுக்கு இவ்வளவு கதை வராது." பிறகு கேட்டார்: "உப்பு இருக்கா?"

பகலுணவு சமைக்கும் அறையிலிருந்து உப்பும் கிழங்கும் வந்தன. பிள்ளைகள் எல்லோரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். சேர் தன் கையாலேயே உப்பைப் போட்டுக் கலக்கினார். முதலில் கொஞ்சமாகப் போட்டார். துண்டு அடியில் கிடந்தது. நிரோஷனின் முகம் வெளிறிவிட்டது. "இன்னும் போடுங்க சேர், நெறைய" என்றான். உப்பு கரையாமல் அடியில் தங்கும்வரை சேர் போட்டார். துண்டை மறுபடி விட்டார். அது மேலே வந்தது.

பிள்ளைகள் கத்தவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்தார்கள்.

"நான் படிப்பிச்ச காலத்துல இத எத்தனையோ தடவ செஞ்சிருக்கேன்" என்றார் அவர். "இவ்வளவு உப்புப் போட்டதில்ல. மெதந்து பாத்ததே இல்ல." பிறகு நிமிர்ந்து, "சரி, ஏன் மெதக்குது?" என்று கேட்டார்.

"பிரசாரணம் சேர்!" எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். களவு இல்லை என்று ஆகிவிட்டது, ஆனால் இப்போது வேறொன்று மேசையில் கிடந்தது. துண்டு மிதப்பதற்கும் பிரசாரணத்துக்கும் சம்பந்தம் இல்லை. உப்புக் கரைசலின் அடர்த்தி கிழங்கின் அடர்த்தியைவிடக் கூடிவிட்டது, அதனால் மிதக்கிறது. அது வேறு பாடம். பிள்ளைகள் கண்ணால் கண்டதை ஒரு பக்கத்தில் வைத்து, என் பாடத்தின் தலைப்பைக் கொண்டுவந்து அதன் மேல் ஒட்டியிருந்தார்கள்.

"நல்லா யோசிங்க" என்றார் சேர்.

நிரோஷன் குனிந்து கப்புக்குள் பார்த்தான். பிறகு தர்ஷினி பேசினாள். 

"சேர், தளர்றதுக்கு ஒரு ராத்திரி வச்சிருந்தோம். தண்ணி மெதுவா மெதுவாத்தான் வெளிய போகும்னு டீச்சர் சொன்னாங்க. ஆனா இது போட்ட ஒடனே மெதந்துருச்சி. அப்ப மெதக்குறதுக்குக் காரணம் வேறதானே?"

"வேற என்ன?"

"தெரியல சேர். கெழங்குல ஒண்ணும் மாறல. தண்ணிதான் மாறியிருக்கு."

மாணிக்கம் சேர் கரண்டியைக் கீழே வைத்தார். "அடர்த்தின்னு ஒரு பாடம் படிச்சிருக்கீங்கதானே?" என்றார். இரண்டு மூன்று பேர் "ஆ..." என்று இழுத்தார்கள். அந்த இழுப்பை இத்தனை வருடமாக வகுப்பில் கேட்டு வருகிறேன். ஒரு பிள்ளைக்கு உண்மையாகவே விளங்கும்போது வரும் சத்தம் அதுதான்.

போகும்போது அவர் தர்ஷினியைக் கூப்பிட்டு, "ஒங்க அப்பாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லு, இந்த வகுப்புல ஒருத்தரும் களவு செய்யல" என்றார்.

அவள் கேட்டாள்: "இப்ப சொன்னதுக்குப் புள்ளி உண்டா சேர்?"

"இல்ல மகள். பேப்பர்ல எழுதுனதுக்குத்தான் புள்ளி. (அ) பகுதிக்கு எல்லாருக்கும் போடுறேன், அவதானிப்பு சரி. (ஆ) பகுதிக்கு ஒருத்தருக்கும் போட ஏலாது."

அவள் தலையாட்டினாள். நியாயம் என்று அவளுக்கே பட்டிருக்க வேண்டும்.

5

அறிக்கையில் அவர் என்ன எழுதினார் என்று எனக்குக் காட்டவில்லை. அடுத்த வருடம் என் நியமனம் தடையில்லாமல் வந்தது. விசாரணைக்கு மறுநாளே பார்வதி அக்கா என் அறைக்கு ஒரு பை நிறையக் கத்தரிக்காய் அனுப்பியிருந்தார்.

அன்றிரவு பழைய சிறு பரீட்சைத் தாள்களை எடுத்துப் பார்த்தேன். "இச்செயன்முறை யாது?" "இப்பகுதியின் பெயர் யாது?" கலச்சுவர், இழைமணி, நொதியம், பிரசாரணம். நான் கேட்டதெல்லாம் பெயர்கள். பெயரைக் கண்டால் சரி போட்டேன். பிள்ளைகளும் எனக்கு வேண்டிய பெயரைத் தரப் பழகிக்கொண்டார்கள். அது அவர்களுடைய பிழை அல்ல. அதன்பின் எந்தக் கேள்விக்குக் கீழேயும் "எப்படித் தெரியும்?" என்று ஒரு வரி சேர்க்கத் தொடங்கினேன். திருத்துவதற்கு இரண்டு மடங்கு நேரம் பிடித்தது.

அடுத்த தவணை வினாத்தாளை மண்டபத்தில் பிரித்தபோது அதில் ஒரு கேள்வி இருந்தது: "செறிவு மிக்க உப்புக் கரைசலில் இட்ட உருளைக்கிழங்குத் துண்டு உடனே மிதந்தது. இதற்குக் காரணம் பிரசாரணம் என்கிறான் ஒரு மாணவன். நீர் இதனை ஏற்கிறீரா? விளக்குக." மாணிக்கம் சேர் வலயம் முழுவதற்கும் அதைக் கேட்டிருந்தார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றேன். எங்கள் வகுப்புக்கு இது கையில் கொடுத்த புள்ளி என்று நினைத்தேன்.

முடிவு வந்தது. தர்ஷினி நன்றாக விளக்கியிருந்தாள். இன்னும் ஆறு பேர் ஓரளவு சரியாக எழுதியிருந்தார்கள். மற்ற நான்கு பேர், மேசையைச் சுற்றி நின்று கண்ணால் பார்த்தவர்கள், "ஏற்கிறேன். காரணம் பிரசாரணம்" என்று எழுதியிருந்தார்கள். அவர்களில் நிரோஷனும் ஒருவன்.

"ஏண்டா, நீதானே உப்பக் கொட்டுன? சேர் வந்து சொன்னதும் கேட்டதானே?"

அவன் நெளிந்தான். "கேட்டேன் டீச்சர். வெளங்குச்சி. ஆனா பேப்பர்ல உருளைக்கெழங்கு, உப்புன்னு பாத்த ஒடனே கை தானா பிரசாரணம்னு எழுதிருச்சி."

புதிதாகப் பாடசாலைக்கு வரும் ஆசிரியர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒருவர் விளங்கிச் சொன்னால் வகுப்பே விளங்கிக்கொண்டது என்று நாம் எண்ணிவிடுகிறோம். அப்படி இல்லை என்று காட்டத்தான் பரீட்சை. பிள்ளை எங்கே நிற்கிறது என்று அது சொல்லும், அங்கேயிருந்து கூட்டிக்கொண்டு போவது நம் வேலை. அதை மறந்துவிட்டால் கையில் சிவப்புப் பேனை மட்டும்தான் மிஞ்சும்.

அந்த நான்கு பேருக்கும் பூச்சியம் அப்படியே நின்றது. அடுத்த நாள் மூன்று கிழங்கும் ஒரு பாக்கெட் உப்பும் வாங்கிக்கொண்டு போனேன்.