சிக்கோப்பாவின் பதினேழாயிரம் அடிகள்

கிரெஷாம் சிக்கோப்பாவைப் பற்றி மரியாதையாக நாலு வார்த்தை எழுதலாம் என்று பார்க்கிறேன். வர மாட்டேன் என்கிறது. தியோலோ தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடம் கங்காணி. கொழுந்து கிள்ளும் பெண்களை விரட்டியே காலம் தள்ளியவர், தான் ஒரு துரும்பைக்கூட நகர்த்தியதில்லை. ஓய்வு பெற்றதும் பிளாண்டயர் நகரத்துக்கு வந்து, இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டதாக எங்கள் மருத்துவமனையில் படுத்தார். உட்கார்ந்தே இருந்தவருக்கு எப்படித் தேய்ந்ததோ!

இடது முழங்காலை மாற்றினோம். கூட இருந்து பார்த்துக்கொள்ள மனைவி ஃபலேசி வந்தார். நோயாளியோடு வருகிறவர் சமைக்க வேண்டும், துவைக்க வேண்டும், தரையில் பாய் விரித்துத் தூங்க வேண்டும். அவருக்கு எங்கே வலிக்கிறது என்று எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை. பிசியோதெரபிஸ்ட் என்று பெயர் வைத்துக்கொண்டு நானும் கேட்கவில்லை.

அந்த வருடத்தில் இன்னும் ஒரே ஓர் அறுவை சிகிச்சைக்குத்தான் இடமிருந்தது. சிக்கோப்பா வலது காலுக்கு அதைக் கேட்டார். மாற்றிய காலை வைத்து நடக்கிறாரா என்று பார்க்காமல் எங்கள் அறுவை மருத்துவர் டாக்டர் ம்பேவே அடுத்த காலைத் தொட மாட்டார். தினம் நாலாயிரம் அடியாவது வேண்டும். அடி எண்ணும் கருவியை சிக்கோப்பாவின் தொடையில் கட்டி, ஏழு நாள் கழற்றக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன்.

திரும்பி வந்தபோது அவர் கழற்றிக் கொடுத்த கருவி காட்டியது, நாளுக்குப் பதினேழாயிரம்.

"அடேயப்பா!" என்றார் டாக்டர்.

"கங்காணி உடம்பு டாக்டர், சும்மாவா?"

நான் பதிவைப் பார்த்தேன். "விடியக்காலை நாலரைக்கே எங்க நடந்தீங்க ஐயா?"

"காத்து வாங்கப் போனேன்."

கூசாமல் சொன்னார். டாக்டர் அவருடைய ஃபைலை மூடினார். "இவ்வளவு நடக்குறவருக்கு இன்னொரு முட்டி எதுக்கு? நடக்க முடியாதவங்களுக்குக் குடுத்துடலாம்."

மனிதருக்கு முகம் செத்துவிட்டது. "ஐயோ டாக்டர், அது நானில்ல! இவதான் கட்டிக்கிட்டிருந்தா!"

"ஏன்?"

"எனக்காக மத்த எல்லாத்தையும் இவதானே சுமக்குறா. இது என்ன பெரிய விஷயம்?"

திருட்டுத்தனம் செய்தோம் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. கங்காணிக்கு வேலை என்றால் இன்னொருத்தர் உடம்பு, அவ்வளவுதான்.

சுவரோரம் நின்ற ஃபலேசியை டாக்டர் அப்போதுதான் பார்த்தார். "உக்காருங்கம்மா. உங்க முட்டி எப்படி இருக்கு?"

ஃபலேசி இடுப்பில் சுற்றியிருந்த துணியைக் கொஞ்சம் உயர்த்தினார். இரண்டு முழங்காலும் வீங்கிக் கிடந்தன. விடிவதற்கு முன் குழாயடி, பிறகு மாவு மில், சந்தை, மேட்டில் ஏறி வீடு. "மூணு வருஷமா இப்படித்தான். யாரும் கேக்கல, நானும் சொல்லல."

எக்ஸ்ரே எடுத்தோம். கணவருடையதைவிட மோசம். டாக்டர் பட்டியலில் சிக்கோப்பாவை அடித்துவிட்டு ஃபலேசி என்று எழுதினார்.

"அப்ப தண்ணி யாரு புடிப்பா? களி யாரு கிண்டுவா?" என்று கத்தினார் அந்த மனிதர். மனைவிக்குக் கத்தி வைக்கப்போகிறார்கள், அவர் கவலை அது!

ஃபலேசி மேசையிலிருந்த கருவியை எடுத்துக் கணவர் மடியில் வைத்தார்.

"ஏங்க தோக்கோ அப்பா, இத நீங்களே கட்டிக்குங்க. குழாய்ல நாலரைக்குத் தண்ணி வரும்."