ஊசிக்கு அழாத பிள்ளைகள்

மைசூர் நகரசபையில் பிளேக் ஊசி போடும் சித்தம்மாவைப் பற்றி யாரும் எழுதப்போவதில்லை. அதனால் குமாஸ்தா நஞ்சுண்டசாமியாகிய நானே எழுதுகிறேன். ஹனூர்ப் பக்கத்துக்காரி. சரியான வாயாடி என்று நானே ஆபீஸ் முழுக்கச் சொல்லித் திரிந்திருக்கிறேன். அதை இப்போது வாபஸ் வாங்குகிறேன்.

ஊசி என்றால் பள்ளிக்கூடமே அலறும். ஒரு வருஷம் தேவம்மா என்ற பெண் மட்டும் முகம்கூடச் சுளிக்காமல் கையை நீட்டினாள். தைரியசாலி என்று மெச்சி, சித்தம்மா கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தாள். இரண்டே மாதத்தில் அந்தப் பெண்ணைப் பெங்களூருக்கு, மனநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அது தைரியமில்லை, வலிகூட எட்டாதபடி மனசு மரத்துப்போயிருந்தது என்று சித்தம்மாவுக்கு அப்புறம்தான் உறைத்தது. மிட்டாய் கொடுத்ததைச் சொல்லிச் சொல்லி அழுதாள்.

மறு வருஷம் அழாத பிள்ளைகளைத் தனியாகக் கவனித்தாள். அதில் ஒருத்தி பங்கஜவல்லி. தாயில்லாத பெண், பன்னிரண்டு வயது. அப்பா நரசிம்மமூர்த்தி, நகரசபை மெம்பர். இப்படிப்பட்ட பிள்ளைகளிடம் பேசிப் பழக, விஷயம் தெரிந்த ஓர் அம்மாளை நகரசபைச் செலவில் பள்ளிக்கூடத்தில் வைக்கவேண்டும் என்று சித்தம்மா மனு எழுதச் சொன்னாள். சிரித்துக்கொண்டே எழுதினேன். இது தேறாது என்றேன். தேறாவிட்டால் பங்கஜவல்லியும் பெங்களூர் போகவேண்டியதுதான் என்றாள். என் சிரிப்பு அதோடு நின்றது.

விளக்கம் சொல்லச் சபைக்கு அவளைக் கூப்பிட்டார்கள். எதிர்த்து எழுந்தவர் யார் தெரியுமா? அதே நரசிம்மமூர்த்தி! நோயே வராத பிள்ளைகளுக்குச் சர்க்கார் பணத்தை எதற்குக் கொட்டுவது என்று கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உங்கள் பெண்ணையே பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மனுஷர் வாயடைத்துப்போவார். சொல் சொல் என்று சாடை காட்டினேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு பிள்ளையின் பெயரைச் சபையில் இழுக்க அவளுக்கு மனசில்லை.

“ஏனுங்க, பிளேக் வந்தவங்களுக்கா நான் ஊசி போடறேன்? வராதவங்களுக்குத்தானுங்க போடறேன். அதுக்குப் பணம் குடுக்கறீங்கல்ல?” என்றாள்.

அந்த வருஷம் ஊசி போட்டுக்கொள்ளாத மெம்பர் ஒருவர்கூட அங்கே இல்லை. கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. கடைசியாக நரசிம்மமூர்த்தியும் தூக்கினார். எனக்குக் கும்மாளம் போடவேண்டும் போல இருந்தது. கூட்டம் முடிந்ததும் சித்தம்மா அவரைத் தனியே அழைத்துப்போய்ப் பெண்ணைப் பற்றி மெதுவாகச் சொன்னாள். அவர் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

பள்ளிக்கூடத்துக்கு ஓர் அம்மாள் வந்தாள். அடுத்த ஊசிப் பருவத்தில் நானும் வேடிக்கை பார்க்கப் போனேன். பங்கஜவல்லியின் முறை வந்தது. ஊசி தோளில் பட்டதுதான் தாமதம், “ஐயோ, வலிக்கறது!” என்று ஊரைக் கூட்டினாள்.

“அழு கண்ணு, நல்லா அழு,” என்று அவளைக் கட்டிக்கொண்டு சித்தம்மா சிரித்தாள். வாசலில் நின்ற நரசிம்மமூர்த்திதான் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.