மலர்விழி அக்காவின் உப்பில்லா விரதம்

நியாலாஸ் ஊர்ப் பக்கத்துத் தமிழ்ப்பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் மலர்விழி அக்கா மைலோ பானம் ஊற்றினால் கப் பாதிதான் நிறையும். அதற்கு மேல் ஊற்றினால் கை நடுக்கத்தில் சிந்திவிடும். "அரை கப்தானா அக்கா?" என்று கேட்கும் பிள்ளைகளுக்கு ஒரே பதில்தான்: "குடிச்சிட்டு மீதிக்குத் திரும்பி வா லா. நான் எங்க ஓடிடப் போறேன்."

அந்த நடுக்கம் லித்தியம் என்ற மாத்திரையால் வந்தது என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. வெளியே கேட்டவர்களிடம் "நரம்பு மாத்திரை" என்று சொல்லி வைத்திருந்தார். அவருக்கு இருப்பது இருமுனைக் கோளாறு. மனம் சில வாரம் கட்டுக்கடங்காமல் பறக்கும்; பிறகு மாதக்கணக்கில் படுக்கையை விட்டு எழவிடாது. பதின்மூன்று வருடங்களுக்கு முன் நான்கு நாள் தூங்காமல், யாரையும் அழைக்காத விருந்துக்கு அறுபது பேருக்குச் சமைத்தார். அப்போதுதான் நோய் தெரிந்தது. அடுத்த ஆண்டே, உடம்பு பருக்கிறது, ஓயாமல் தாகம் எடுக்கிறது, அதோடு இப்போதுதான் நன்றாக இருக்கிறேனே என்று மாத்திரையை நிறுத்தினார். ஏழு வாரம் வார்டில் கிடந்தார். மகன் கவிநேசன் முதல் நாள் பள்ளிக்குப் போனதை அவர் பார்க்கவில்லை. அதன் பிறகு ஒரு வேளையும் தவறியதில்லை.

சென்ற ஆண்டு கவிநேசனுக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது. அதற்காக மாரியம்மன் திருவிழாவில் பால்குடம் எடுப்பதாக அக்கா வேண்டியிருந்தார். மற்றவர்கள் கவிச்சியை மட்டும் விட்டார்கள். அக்கா பத்து நாளைக்கு உப்பையும் விட்டார். மாத்திரையைத்தான் விடவில்லையே, பிறகென்ன பயம் என்று நினைத்தார். சோற்றில் உப்பு போடாததை டாக்டரிடம் சொல்லவேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

எட்டாம் நாள் காலை இரண்டு முறை வாந்தி எடுத்தார். சாயங்காலம் கோயிலில் மாவிலை கட்டிக்கொண்டிருந்தபோது கை தோள்வரை உதறியது. எழுந்தார், கால் தள்ளாடியது. உறுமி பழகிக்கொண்டிருந்தவர்கள் வேகத்தைக் கூட்டினார்கள். யாரோ வேப்பிலையை அவர் கையில் திணித்தார்கள். நானும் கைகூப்பினேன். விழாக் குழுவில் மூத்தவரான ராஜம்மா அத்தை முன்னால் வந்தார்.

"என்ன வேணும் தாயி? கேளு."

"சாமி இல்ல அத்தை," என்றார் அக்கா. நாக்குக் குழறியது. "மருந்து. ரத்தத்துல ஏறிடுச்சு போல."

"ஆத்தா என்ன சொல்றா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

அக்கா தூணைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "எனக்கு மனநோய் இருக்கு. பன்னெண்டு வருஷமா லித்தியம் சாப்பிடுறேன். வாந்தி, தள்ளாட்டம் வந்தா உடனே வான்னு டாக்டர் சொல்லியிருக்காரு. வசந்தா, காடிய எடு," என்று வெளியே நின்ற என் காரைக் காட்டினார்.

உறுமி நின்றது. ராஜம்மா அத்தை கூப்பிய கையை இறக்கினார்.

"ஆத்தா காடியெல்லாம் கேக்கமாட்டா," என்றார். "வசந்தா, எடுடா."

உடலில் உப்பு குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாமல் தேக்கிக்கொள்ளுமாம். மருத்துவமனையில் மாத்திரையை நிறுத்தி வைத்து, உப்புநீர் ஏற்றினார்கள். இன்னும் தாமதித்திருந்தால் மூளையைப் பாதித்திருக்கலாம் என்றார்கள்.

வீடு திரும்பிய அன்று அவருடைய அண்ணன் சாமிநாதன் வந்திருந்தார்.

"கொல்லப் பாத்த மாத்திரை இன்னும் எதுக்கு? தூக்கிப் போடு மலரு."

"உப்ப விட்டது நான்ணே. மாத்திரை மேல ஏன் பழி போடுறீங்க?"

"கையும் ஆடுது. ஊருக்கும் தெரிஞ்சு போச்சு. இனி என்ன மிச்சம்?"

"நான் மிச்சம்ணே."

டாக்டர் குறித்த நாளில், குறைத்த அளவில், அக்கா மறுபடியும் மாத்திரை போடத் தொடங்கினார். நடுக்கம் முழுதாகப் போகவில்லை. "ஆடுனா ஆடட்டும்," என்கிறார்.

இந்த ஆண்டு டாக்டரிடம் கேட்டுவிட்டு, கவிச்சியை மட்டும் விட்டுப் பால்குடம் எடுத்தார். குடத்திலிருந்து பால் தோளில் வழிந்தது. ராஜம்மா அத்தை கூடவே நடந்து, பாதி வழியில் மோர்ப் புட்டியை நீட்டினார்.

"உப்புப் போட்டுருக்கேன். குடி. மறுபடியும் எங்கள கையெடுத்துக் கும்பிட வச்சிடாத."