பத்மாவதியின் கூதல் வீடு

தவராசாவின் வீட்டில் யாரும் கூதலடிக்குது என்று சொல்லக்கூடாது. சொன்னால் நோர்வேக் கதை தொடங்கிவிடும். எண்பதுகளில் அகதியாகப் போய், நோர்வேயின் வடக்குக் கோடியில் ஒரு மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டியவர் அவர். சூரியன் தலைகாட்டாத மாதங்களில், மூச்சு மீசையில் உறைய உறைய வேலைக்கு நடந்துபோனவர். பிறகு தமையன் ஸ்பொன்சர் பண்ணி நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு வந்து, ஒடாஹுஹுவில் இறைச்சியை உறையவைக்கும் குளிர்கிடங்கு ஒன்றில் சேர்ந்தார். அங்கேயும் கையுறையைக் கழற்றிவிட்டுப் பெட்டி தூக்கிக் காட்டுவார். கூட வேலை செய்தவர்கள் சிரித்துத் தோளில் தட்டுவார்கள். வேறு எதற்காகவும் அவரை யாரும் மெச்சியதில்லை.

மனைவி பத்மாவதி நோர்வேயைக் கண்டதில்லை. கலியாணம் கொழும்பில் நடந்தது. கைக்குழந்தை பிரசாந்தியோடு அவள் தொண்ணூற்றி மூன்றில் நேரே ஆக்லாந்தில் வந்து இறங்கினாள். ஜூன் மாதம், அந்த நாட்டில் குளிர்காலம். விமான நிலையத்துக்கு வெளியே புல் பச்சையாக இருந்தது, மரங்களில் இலை இருந்தது. இதுதானா குளிர்காலம் என்று நினைத்தாள்.

மவுண்ட் ரோஸ்கில் பகுதியில் அவர் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டுக்குள் நுழைந்தபோதுதான் அவளுக்கு விளங்கியது. மெல்லிய பலகை வீடு. வெளியே வெயிலில் நிற்க முடிந்தது. உள்ளே போனால் எலும்பு குத்தியது. தரைப் பலகையின் இடுக்குகளால் காற்று கிளம்பி வந்தது. காலையில் யன்னல் கண்ணாடிகளின் உட்பக்கத்தில் தண்ணீர் வழிந்தது. படுக்கையறைச் சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம் படர்ந்தது. துடைப்பாள், அடுத்த கிழமை திரும்பவும் நிற்கும். அலுமாரிக்குள் சேலைகள் ஈர நாற்றம் அடித்தன. போர்வையைத் தொட்டால் நனைந்ததுபோல இருந்தது.

"ஒரு ஹீற்றர் வாங்குவமே?" என்று முதல் கிழமையே கேட்டாள்.

"இதுக்கோ?" என்றார் தவராசா. "மைனஸ் இருபதில நிண்டவன் நான். இஞ்ச தண்ணிகூட உறையேல்ல. ஊரில சொன்னா சிரிப்பினம்."

அவர் வாங்கவில்லை. அவள் வீட்டிலிருந்தபடி ஆடைத் தொழிற்சாலை ஒன்றுக்குத் தைத்துக்கொடுத்தாள். மடியில் சுடுதண்ணிப் பையை வைத்துக்கொண்டு தைப்பாள். அவர் வருகிற சத்தம் கேட்டதும் அதை ஒளித்துவிடுவாள். சோபாவில் போர்வையோடு இருந்தால் அவர் வந்து இழுத்து மடித்து வைப்பார். கோபமாகக்கூட அல்ல, கெட்ட பழக்கம் ஒன்றைத் திருத்துகிறவர் மாதிரி.

பிரசாந்திக்கு மூன்று வயதில் இருமல் தொடங்கியது. ஒவ்வொரு குளிர்காலமும் அது நீண்டு நீண்டு, ஐந்து வயதில் வருடம் முழுவதும் இருமினாள். பள்ளிக்கூடத்தால் வந்து, "ஐ ஆம் கோல்ட், அம்மா" என்பாள். தகப்பன் காதில் விழுந்தால், சொக்ஸைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஹோலைச் சுற்றி ஓடச் சொல்வார். "அங்க பிள்ளைகளைத் தள்ளுவண்டியோட ஸ்நோவுக்க விட்டு நித்திரையாக்குவினம். தெரியுமோ உனக்கு?" பிள்ளை ஓடும். பாதி ஓட்டத்தில் நின்று இருமும்.

பக்கத்து வீட்டு மரகதம் மதுரைக்காரி. தொண்ணூற்றி ஏழு ஜூலையில், புல்லெல்லாம் உறைபனி வெளுத்திருந்த ஒரு காலையில், அவள் தன்னுடைய பழைய எண்ணெய் ஹீற்றரை உருட்டிக்கொண்டு வந்து கொடுத்தாள். அன்று பிள்ளையின் அறை முதல்முறையாகக் காய்ந்தது. பிரசாந்தி அதன் பக்கத்திலேயே சுருண்டு படுத்தாள்.

மாலையில் தவராசா வந்தார். வயரைப் பிடுங்கிச் சுற்றினார். ஹீற்றரை இழுத்துக்கொண்டு மரகதத்தின் வாசலுக்குப் போனார், பத்மாவதியையும் கூட வரச் சொன்னார்.

"என்ர மனுசி உங்களிட்டப் பிச்சை கேட்டவவோ?" என்று கேட்டார்.

"ஐயோ, அவங்க எதுவும் கேக்கலைங்க. நானாத்தான் குடுத்தேன். குழந்தை இருமிக்கிட்டே இருக்கு..."

"பிழை எண்டு சொல்லு," என்றார் மனைவியைப் பார்த்து.

பத்மாவதி, பிழை என்று சொன்னாள். மரகதம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த கிழமை பிரசாந்தி பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள், குழாய் விட்டுப் பார்த்தார்கள். திரும்பத் திரும்ப வந்த நியூமோனியாவால் நுரையீரலின் குழாய்கள் தொய்ந்து வடுப்பட்டுவிட்டன என்றார் டொக்டர், நரை விழுந்த ஒரு வெள்ளைக்காரப் பெண். மருந்தால் தணிக்கலாம். பழையபடி ஆக்க முடியாது.

பிறகு, வீட்டில் குளிர் எப்படி என்று கேட்டார். தவராசாவுக்கு அது பிடித்த பேச்சு. நோர்வேயில் தான் பார்த்த குளிரைச் சொன்னார். ஆக்லாந்துக் குளிர் குளிரே இல்லை என்றார்.

"அங்கே உங்கள் அறை எப்படி இருந்தது?" என்று டொக்டர் கேட்டார்.

தவராசா உற்சாகமாகவே சொன்னார். தொழிற்சாலை விடுதி. யன்னலுக்கு இரண்டு கண்ணாடி, ஒவ்வொன்றுக்குக் கீழேயும் ஹீற்றர். வெளியே பனி ஆளுயரத்துக்குக் கொட்டும், உள்ளே நாங்கள் பனியனும் சாரமுமாகப் படுப்போம், சிலநேரம் வேர்த்து எழும்புவோம். சொல்லிவிட்டுச் சிரித்தார். தான் சொன்னது என்னவென்று அவருக்கு உறைக்கவில்லை.

டொக்டர் அதையும் எழுதிக்கொண்டார். பத்மாவதிக்கு அந்த அளவு இங்கிலீஷ் விளங்கும். வார்டு இதமான சூடாக இருந்தது. அங்கே வந்த பிறகு, ஐந்து குளிர்காலங்களில் முதல்முறையாக, அவள் ஸ்வெட்டரைக் கழற்றியிருந்தாள். பிள்ளை இருமாமல் தூங்கிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து சமையலறையில் கேட்டாள்: "பனியனோடயோ படுத்தனீங்கள்?"

"அது உள்ளுக்க. வெளியில வந்து பார்த்தாத்தான் தெரியும்."

"நாங்கள் உள்ளுக்கதான் இருந்தனாங்கள்," என்றாள்.

அவள் மரகதத்திடம் போனாள். மரகதம் ஹீற்றரை எடுத்துக் கொடுத்தாள். பத்மாவதி அதை முன்னறையில் பிள்ளையின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். தவராசா வந்து தூக்கப் பார்த்தபோது அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். அவர் மணிக்கட்டை முறுக்கினார். அவள் விடவில்லை, கத்தவும் இல்லை. சூடேறிய இரும்பில் முழங்கை பட்டுத் தோல் வழன்றது. அப்போதும் விடவில்லை. கடைசியில் அவர்தான் கையை எடுத்தார்.

அன்றிலிருந்து தாயும் பிள்ளையும் முன்னறையில் கதவை மூடிக்கொண்டு படுத்தார்கள். தவராசா பூஞ்சணம் பிடித்த பின்னறைக்குப் போனார். தனக்குக் குளிருகிறது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அவளும் கேட்கவில்லை. சோறு போட்டு மூடிவைப்பாள், உடுப்புத் தோய்ப்பாள். வேறு வாடகை வீட்டுக்கு மாறுவோமா என்று கேட்டதற்கு அவர் மறுமொழி சொல்லாததால் அந்தப் பேச்சையும் விட்டுவிட்டாள்.

"அவருக்கும் ஒண்ணு வாங்கி வையேன் பத்மா," என்றாள் மரகதம் ஒருநாள்.

"கேக்கட்டும், வாங்கிக் குடுக்கிறன்," என்றாள் பத்மாவதி.

அதற்குப் பிறகு வந்த மூன்றாவது குளிர்காலத்தில் அவருக்கும் நெஞ்சில் சளி கட்டியது. சுவருக்கு அப்பாலிருந்து அவர் இருமுவது கேட்கும். அவள் திரும்பிப் படுப்பாள். ஒரு காலை வேலைக்கு எழும்பியவர் பாத்ரூம் வாசலில் விழுந்தார். மரகதம்தான் அம்புலன்சைக் கூப்பிட்டாள். அவரை ஏற்றிக்கொண்டு போனவர்கள் முன்கதவைத் திறந்தபடி விட்டிருந்தார்கள். குளிர் உள்ளே வருகிறதே என்று பத்மாவதி போய் அதைச் சாத்தினாள்.

பிரசாந்தி கட்டிலில் குப்புறப் படுத்துக் காத்திருந்தாள். தலை தாழ்ந்து முதுகு உயர வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் காட்டிக்கொடுத்தபடி, வயிற்றுக்குக் கீழே தலையணைகள். காலையும் மாலையும் உள்ளங்கையைக் குவித்து முதுகில் தட்டவேண்டும், சளி இளகும்வரை. இடையில் ஒரு சத்திரசிகிச்சை செய்தும் இடப்பக்க நுரையீரல் தேறவில்லை. மாடிப்படி ஏறினால் இப்போதும் பாதியில் நிற்பாள்.

"இஸ் அப்பா கோயிங் டு டை?" என்று தலையணைக்குள் முகம் புதைத்தபடி கேட்டாள்.

"தெரியேல்ல," என்றாள் பத்மாவதி. தட்டத் தொடங்கினாள்.

தவராசா சாகவில்லை. இரண்டு கிழமையில் மெலிந்து திரும்பி வந்தார். குளிர்கிடங்கில் இனி வேலை செய்யக்கூடாது என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். முன்னறை வாசலில் கொஞ்சநேரம் நின்றார். உள்ளிருந்து சூடு வந்தது. அவள் தையல் மெஷினை விட்டு நிமிரவில்லை. அவர் பையை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனார்.