வேன் டிரைவரின் சிலிண்டர் பவர்

கண்ணுக்குப் பவர் பார்க்கும் தொழிலில் எங்கள் எதிரே வந்து உட்காருகிறவர்கள் ரொம்ப நல்லவர்கள். உண்மையை மட்டும் சொல்ல மாட்டார்கள். என்னைப் போலவே கண்ணில் சிலிண்டர் பவர் வந்து, தெருவிளக்குக்கெல்லாம் வால் முளைப்பதைப் பார்த்துத் திண்டாடிய வாசகர்களே, புதுச்சேரியில் எங்கள் கண்ணாடிக் கடையில் நடந்ததைக் கேளுங்கள்.

மனப்பாடம்

தவளக்குப்பத்திலிருந்து ஏகாம்பரம் அண்ணன் வந்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். இருட்டினால் எதிரே வரும் வண்டி விளக்கெல்லாம் கோடு இழுத்த மாதிரி தெரிகிறதாம். ஆனால் திரையில் இருந்த எழுத்தைக் கடைசி வரி வரை கடகடவென்று வாசித்துவிட்டார். சந்தேகப்பட்டு எழுத்தை மாற்றினேன். மனுஷன் பழைய எழுத்தையே ஒப்பித்தார்! காத்திருந்த நேரத்தில் மனப்பாடம் செய்திருக்கிறார்.

விசிறி மாதிரி விரிந்த கோடுகளைக் காட்டி, எது கருப்பாகத் தெரிகிறது என்று கேட்டேன். இதை அவர் மனப்பாடம் செய்திருக்கவில்லை. முகம் வாடிப்போய்ச் சொன்னார்: "நிக்கிற கோடு பளிச்சுன்னு இருக்குதும்மா. படுத்திருக்கிறது கலங்கலா இருக்குது. முதலாளிக்குத் தெரிஞ்சா வண்டிய புடுங்கிடுவாரு."

எது வேண்டும்?

"கருவிழி பந்து மாதிரி இருக்கணும்ணே. உங்களுக்கு முட்டை மாதிரி ஒரு பக்கம் வளைவு கூட. அதனால வெளிச்சம் ஒரே இடத்துல சேரல. இதத்தான் சிலிண்டர் பவர்னு சொல்றோம். பார்வை போற நோயெல்லாம் இல்ல" என்றேன். வழிகளையும் சொன்னேன்: கண்ணாடி போடலாம். இதற்கென்றே, கண்ணுக்குள் சுழலாமல் நிற்கும் கான்டாக்ட் லென்ஸ் உண்டு. தினமும் கை கழுவிப் போட்டு எடுக்க வேண்டும், புழுதி ஆகாது. லேசர் எல்லோருக்கும் ஒத்துவராது. கருவிழியின் கனம் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

லென்ஸ் என்றதும் அவர் கண் மின்னியது. யாருக்கும் தெரியாதே! அப்புறம் வாசலில் நின்ற வேனைத் திரும்பிப் பார்த்தார். எனக்கே பாவமாக இருந்தது. "கண்ணாடியே குடும்மா. வண்டில ஏறுறது ஊரான் வூட்டுப் புள்ளைங்க. புழுதில கண்ணக் கசக்கிக்கிட்டா ஓட்ட முடியும்?"

தரை சாய்கிறது

கண்ணாடி வாங்கிய மறுநாளே ஓடி வந்தார். தரை ஒரு பக்கம் சாய்கிறதாம். புதிதாகச் சிலிண்டர் பவர் போடுகிற எல்லோரும் சொல்வதுதான். ஃப்ரேமும் கொஞ்சம் கோணியிருந்தது, நிமிர்த்திக் கொடுத்தேன். பழகுகிற வரை வேன் ஓட்டாதீர்கள் என்றேன். "கண்ணுன்னு லீவு கேட்டா வேல போச்சு. வயித்துவலின்னு சொல்லிக்கிறேன்."

முதலாளி வந்தார்

அடுத்த வாரம் வேன் முதலாளி சலீம் பாய் நேரிலேயே வந்துவிட்டார். பின்னால் கண்ணாடியோடு ஏகாம்பரம் அண்ணன், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு. "கண்ணாடி போட்டா அவருக்கு நல்லாவே தெரியுது பாய்" என்று நானாகவே முந்திக்கொண்டேன்.

பாய் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "அட போம்மா! இவரு கண்ண இடுக்கி இடுக்கிப் பாக்குறத முறைக்கிறாருன்னு நெனச்சு, புள்ளைங்களோட அம்மாங்கள்லாம் வந்து சண்ட போடுறாங்க. நானே வேற ஆளு தேடிக்கிட்டு இருந்தேன். கண்ணாடி போட்டப்புறம் இப்பதான் தேடுறத நிறுத்தியிருக்கேன்."

பவர் கண்டுபிடிப்பது எங்களுக்குக் கொஞ்ச நேரத்து வேலை. கண் தெரியவில்லை என்று ஒருவரை வாய்திறந்து சொல்ல வைப்பதற்குள்தான் எங்கள் கண் பிதுங்கிவிடுகிறது.